எதையும் தூக்காதவனுக்கு வந்த குடலிறக்கம்

எனக்குக் குடலிறக்கம் வந்த செய்தி எங்கள் கல்மண்டபம் பகுதியில் யாருக்கும் இரக்கத்தை உண்டாக்கவில்லை. சந்தேகத்தைத்தான் உண்டாக்கியது. துறைமுகத்தில் கோதுமை மூட்டையும் உர மூட்டையும் சுமக்கிறவர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. குடலிறக்கத்தை அவர்கள் சுருக்கமாக ‘எறக்கம்’ என்பார்கள். வேலையிலிருந்து நின்றுவிட்டவர்கள் தங்கள் எறக்கத்தைப் பற்றி, போருக்குப் போய் வந்தவர்கள் தழும்பைக் காட்டுவது போலப் பேசுவார்கள். எந்தக் கப்பலில், எந்தச் சரக்கைத் தூக்கும்போது வந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. நான் பத்திரிகை ஆபீசில் உதவி ஆசிரியன். நாற்காலியில் உட்கார்ந்து பிறர் எழுதிய வாக்கியங்களின் வாலை வெட்டுவது என் வேலை. என்னிடம் கதை இல்லை.

அறுபதுகளின் கடைசி. எனக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. குளிக்கும்போதுதான் பார்த்தேன். வலது பக்கம், அடிவயிறும் தொடையும் சேருகிற மடிப்பில் ஒரு மேடு. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போல. விரலால் அழுத்தினால் களக்கென்று உள்ளே போயிற்று. இருமினால் திரும்பி வந்தது. படுத்தால் காணாமல் போனது. வலி என்று சொல்லும்படி இல்லை, ஏதோ இழுக்கிற மாதிரி ஒரு உணர்வு மட்டும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தன் அண்ணனிடம் சொன்னாள். மச்சான் இரண்டு தெரு தள்ளி, மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். பிடரிக்குக் கீழே, மூட்டை தேய்த்துத் தேய்த்து, தலையணை போல ஒரு சதை திரண்டிருக்கும். அன்று மாலையே வந்து எதிரில் குந்தினார்.

“இன்னா மாப்ள, இன்னாத்த தூக்குன?”

“ஒண்ணும் தூக்கலை மச்சான்.”

“டபாய்க்காத. பீரோ கீரோ நவுத்துனியா?”

“இல்லை. பேனாதான்.”

“மை ரொப்புன பேனாவா?”

சமையலறையில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் அவர் தன் மேஸ்திரியை அழைத்து வந்தார். துறைமுகத்தில் அவர்கள் கும்பலுக்குத் தலைவர் அவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். என்னை நிற்க வைத்து, வேட்டிக்கு மேலேயே கையை வைத்து, இருமச் சொன்னார். கையை எடுத்தார்.

“எறக்கந்தான். நம்ம ஆளுங்க இருவது வருசம் மூட்ட சொமந்து வாங்கறத, இவுரு குந்திகினே வாங்கிக்கினாரு.” பிறகு மச்சான் பக்கம் திரும்பி, வேறு குரலில் கேட்டார்: “அப்போ ஒன் மாத்துத் தோளு?”

மச்சான் என் தோளைப் பார்த்தார்.

இந்த மாற்றுத் தோள் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மாதா கோயில் திருவிழாவில் கடைசி நாள் சப்பரம் தெருவைச் சுற்றி வரும். சக்கரம் கிடையாது. நீளமான இரண்டு மரங்களின் மேல் சப்பரத்தைக் கட்டி, துறைமுக ஆட்கள் தோளில் சுமப்பார்கள். அந்த மரங்களுக்குத் தண்டு என்று பெயர். தண்டில் ஒவ்வொரு இடமும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். முன்பக்கம், இடது தண்டு, முதல் தோள் என் மச்சானுடையது; அவருக்கு முன் அவர் அப்பாவுடையது. சப்பரம் கிளம்பியது முதல் கோயிலுக்குத் திரும்பும்வரை அந்த இடம் காலியாகக் கூடாது. ஆளுக்கு முடியாமல் போனால் அவருடைய ரத்த உறவு ஒருவர், அல்லது அவர் வீட்டில் பெண் எடுத்தவர், அந்த இடத்தில் தோள் கொடுக்க வேண்டும். அவர்தான் மாற்றுத் தோள். அப்படி ஒருவர் வராவிட்டால், காத்திருக்கிற அடுத்த குடும்பம் இடத்தை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தரும் பழக்கம் இல்லை. துறைமுகத்தில் இடம் பிடிப்பதைவிடத் தண்டில் இடம் பிடிப்பது கஷ்டம் என்பார்கள்.

மச்சானுக்கு இரண்டும் சின்னப் பெண் குழந்தைகள். தம்பி இல்லை. நான் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கே, என் தோள் அகலத்தை யாரும் கேட்காமல், மாற்றுத் தோளாக ஆனேன். அதுவரை அந்தப் பதவிக்கு வேலை வந்ததில்லை. சப்பரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நடப்பேன், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்த டாக்டருக்கு நாற்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுவார், கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்பார்.

“சிகரெட் உண்டா?”

உண்டு.

“இருமல்?”

அதுவும் உண்டு.

“மலச்சிக்கல்?”

“பத்திரிகைல வேலை சார்.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ஷிப்டு வேலை. டீயும் பஜ்ஜியும்தான்.”

“சரி, சரி,” என்று எழுதிக்கொண்டார்.

“நான் எதையும் தூக்கவே இல்லையே சார்,” என்றேன். தெருவில் எல்லாரும் கேட்டுக் கேட்டு, நானே ஏதோ மறைக்கிற மாதிரி எனக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

“தூக்கினாத்தான் வரும்னு யார் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் சொன்னதை நான் தலைப்பு முதல் வால் வரை நினைவில் வைத்திருக்கிறேன்.

ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் அதன் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன்னால் அடிவயிற்றுச் சுவரில் ஒரு வழி செய்துகொண்டு கீழே இறங்கி வருகின்றன. வந்த வழி பின்னால் மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சரியாக மூடுவதில்லை. மூடினாலும் அந்த இடம் சுவரின் மற்ற இடங்களைப் போல உறுதியாக இருப்பதில்லை. வயதாக ஆகச் சதையும் தளர்கிறது. வயிற்றுக்குள் எப்போதும் ஒரு அழுத்தம் இருக்கிறது. இருமும்போது ஏறுகிறது, முக்கும்போது ஏறுகிறது, பாரம் தூக்கும்போதும் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் சுவரில் எங்கே பலவீனம் என்று தேடும். கண்டுபிடித்துவிட்டால் குடலைக் கொஞ்சம் வெளியே தள்ளும்.

“சைக்கிள் டயர்ல வெட்டு விழுந்தா டியூப் பொத்துன்னு வெளிய உப்பிக்கிட்டு நிக்குமே, பாத்திருக்கீங்களா? அதேதான். காத்து அடிக்கிறவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? வெட்டு டயர்ல இருக்கு. டயரைத் தைக்கணும்.”

“மூட்டை தூக்கறவங்களுக்கு அதிகமா வருதே சார்.”

“அவங்க தினமும் காத்து அடிக்கிறாங்க. வரத்தான் செய்யும். ஆனா ஒரே கும்பல்ல ஒரே மூட்டையைத் தூக்குற எல்லாருக்குமா வருது? உங்க இருமலும் காத்துதான். நீங்க கழிவறைல படற பாடும் காத்துதான்.”

எழுந்துகொள்ளும்போது, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “படுத்தா உள்ள போற வரைக்கும் அவசரமில்லை. என்னிக்காவது உள்ள போகாம, கல்லு மாதிரி நின்னு, வலியும் வாந்தியும் வந்தா உடனே வந்துடணும். வாசல் நெரிச்சுதுன்னா குடலுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்துல குடல் செத்துடும். அப்புறம் ஆள்.”

வீட்டுக்கு வந்து மச்சானிடம் டயர் விளக்கத்தை ஒப்பித்தேன். கவனமாகக் கேட்டார்.

“அப்போ பொறக்கறப்பவே ஓட்டையோட வந்துக்கீற.”

“கிட்டத்தட்ட.”

“அத்த சொல்லாமயே எங்க வூட்ல பொண்ணு கட்டிக்கினியே மாப்ள.”

திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய கால்களோ கிடந்தன. பத்து நாள் படுக்கை. தையல் பிரித்த பிறகு டாக்டர் ஒரே ஒரு உத்தரவு போட்டார்: மூன்று மாதத்துக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது. மனைவி அதை என்னைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டாள். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாலே பிடுங்கி வைப்பாள்.

மச்சான் தினமும் வார்டுக்கு வந்தார். முதல் இரண்டு நாள் கேலி. மூன்றாம் நாளிலிருந்து கேள்விகள். எத்தனை அங்குலம் அறுத்தார்கள், தைத்த இடம் இருமினால் பிடிக்கிறதா, எத்தனை நாளில் மாடிப்படி ஏறலாம், எத்தனை நாளில் மூட்டை தூக்கலாம். நிருபர்களை வருஷக்கணக்கில் பார்த்தவன் நான். பொதுவாகக் கேட்கிற கேள்விக்கும், தனக்காகக் கேட்கிற கேள்விக்கும் வித்தியாசம் தெரியும். தவிர, பக்கத்துக் கட்டில்காரர் சொன்ன ஒரு ஜோக்குக்கு மச்சான் வாய்விட்டுச் சிரித்தபோது, அவர் இடது கை தானாக அடிவயிற்று மடிப்பில் போய் அழுத்திக்கொண்டது. நானும் ஆறு மாதமாக அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை வருஷமா மச்சான்?”

“இன்னாது?”

“எறக்கம்.”

அவர் வார்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். “கம்னு இரு,” என்றார். பிறகு முதுகை மற்றவர்களுக்குக் காட்டி நின்று, வேட்டியைத் தளர்த்தி, லங்கோட்டின் உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினார்.

தக்கை. மீன் வலையின் மேல் விளிம்பு முழுகாமல் இருக்கக் கட்டுவார்களே, அந்தத் தக்கை. காசிமேட்டில் ஒரு சிநேகிதரிடம் வாங்கி, கத்தியால் சீவி, அரை உருண்டையாகச் செதுக்கி, பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்திருந்தார். துறைமுகத்தில் பாதிப் பேர் லங்கோட்டுக்குள் இந்தத் தக்கை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். காலையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மேட்டை உள்ளே தள்ளி, வாசலில் தக்கையை வைத்து, எழுந்திருப்பதற்கு முன்பே லங்கோட்டை இறுக்கிவிட வேண்டும். அப்புறம் நாள் முழுக்க மூட்டை தூக்கலாம். வேலையில் இருக்கிறவரை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் மேஸ்திரி பாரத்திலிருந்து ஒதுக்கிவிடுவார், தண்டிலிருந்தும்.

“இங்கியே பண்ணிக்கலாமே மச்சான். பத்து நாள்தான்.”

“பண்ணிக்கலாம்னுதான் இருந்தேன். இந்த வருசம் தண்ட ஒனக்கு வுட்டுட்டு, நா கத்தி போட்டுக்கலாம்னு ஒரு ரோசன. நீதான் முந்திக்கினியே.”

நான் போர்வையை இழுத்து என் தையலை மூடிக்கொண்டேன்.

“திருவிழா முடியட்டும்,” என்றார். “முடிஞ்ச மறுநாளு நானே வந்து இந்தக் கட்டில்ல படுத்துக்கறேன். தங்கச்சிக்கு மட்டும் சொல்லாத.”

நான் சொன்னேன். அதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அவள் ஒரு வாரம் அண்ணனோடு சண்டை போட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, திருவிழாக் கொடியேற்றத்துக்குப் புது வேட்டி வாங்கிக்கொண்டார்.

கடைசி நாள் மாலை சப்பரம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், அதற்குப் பின்னால் மெழுகுவர்த்தியோடு பெண்கள் வரிசை, அதில் என் மனைவி. பிறகு சப்பரம். பழக்கப்படி நான் இடது தண்டுக்குப் பக்கத்தில், பிரயோஜனமில்லாத மாற்றுத் தோளாக நடந்தேன். சாம்பிராணிப் புகை, மல்லிகை, பக்கத்திலிருந்து மீன் வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. தெரு முனைக்கு முனை சப்பரம் நிற்கும். தாங்குகட்டைகளை முட்டுக் கொடுத்து இறக்கி, சுமப்பவர்கள் மூச்சு வாங்குவார்கள். மேஸ்திரி விசில் ஊதினால் மறுபடி தூக்குவார்கள்.

இரண்டாவது நிறுத்தத்தில் மச்சானைப் பார்த்தேன். சுமக்கிற எல்லாருக்கும்தான் வியர்த்திருந்தது, அவர்களுக்கு நெற்றியில். இவருக்கு மேலுதட்டில் மட்டும், பொடிப்பொடியாக. முகம் சாம்பல் பூத்திருந்தது. மற்றவர்கள் பாட்டுக்கு வாயசைத்தார்கள், இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், உள்ள போச்சா இல்லையா?”

“நீ நட.”

மூன்றாவது நிறுத்தத்தில், தண்டு தாங்குகட்டையில் உட்கார்ந்த அடுத்த நொடி, அவர் சுவரோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். நான் அவருடைய மடிப்பில் கை வைத்தேன். தக்கைக்கு அடியில் இன்னொரு தக்கை இருப்பது போலிருந்தது. கல்.

என்ன நடந்தது என்று பின்னால் அவரே சொன்னார். துறைமுகத்தில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்திருக்கிறார். புது வேட்டி மாற்ற வேண்டும், லங்கோட்டைத் திருத்திக் கட்ட வேண்டும். கோயில் பின்கட்டில் சுமப்பவர்கள் எல்லாரும் உடுத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினால் மேஸ்திரிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதனால் நின்றபடியே கட்டியிருக்கிறார். குடல் வெளியே இருக்க, அதன் மேலேயே தக்கையை வைத்து இறுக்கிவிட்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போறோம்,” என்றேன்.

“கோயிலுக்குப் போய் எறக்கி வெச்சிட்டு.”

“அதுக்குள்ள குடல் செத்துடும் மச்சான். அப்புறம் நீங்க.”

“எடம் போய்டும் மாப்ள.”

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். குனிந்து நின்றவரைப் பார்த்தார், என் கை இருந்த இடத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். “மாத்துத் தோளு?” என்றார். நான் கையைத் தூக்கினேன். தூக்கியது அசட்டுத்தனம்தான். சுற்றி நின்ற எல்லாரும் என் இடுப்பைப் பார்த்தார்கள்.

“இவுருக்கே தையல் போட்டுக்கீது,” என்றது ஒரு குரல். அந்த நிலையிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

காத்திருந்த அடுத்த குடும்பத்து ஆள், துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது அவருடைய முறை. மச்சான் சுவரைப் பிடித்து நிமிர்ந்து தண்டுப் பக்கம் ஒரு எட்டு வைத்தார், அடுத்ததை வைக்க முடியவில்லை.

“நா நிக்கிறேன்.”

பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி வந்திருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்டுக்கு அடியில் போய் நின்றுவிட்டாள்.

“நீ இன்னாம்மா நடுவுல?” என்றார் மேஸ்திரி.

“ரத்த சொந்தம் வேணும்னுதானே சட்டம். கூடப் பொறந்தவ நானு.”

“பொம்பள தண்டு தூக்கற வயக்கம் இல்லியேம்மா.”

“வயக்கத்த அப்பால பேசிக்கலாம். இப்ப விசிலு ஊது. எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

மேஸ்திரி மச்சானைப் பார்த்தார். மச்சான் தங்கையைப் பார்த்தார். துண்டு போட்ட ஆள் மேஸ்திரியைப் பார்த்தார். பேண்டுக்காரர்கள், நிறுத்தம் நீள்வதன் காரணம் தெரியாமல், அதே பாட்டை மறுபடி ஆரம்பித்தார்கள்.

விசில் ஊதியது.

நான் பார்த்தது அதிலிருந்து பத்துப் பதினைந்து அடிதான். சைக்கிள் ரிக்‌ஷாவில் மச்சானைச் சாய்த்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என் மனைவி குள்ளம். தண்டு அவள் தோளைத் தொடவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி அதைத் தாங்கியிருந்தாள். அவளுக்கான பாரத்தைப் பின்னால் நின்றவர்தான் சுமந்திருப்பார். ஆனால் இடம் காலியாக இல்லை. ரிக்‌ஷா முனை திரும்பியது. அதற்கு மேல் நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் பார்க்காததை எழுதுவதில்லை.

ரிக்‌ஷாக்காரரிடம் அவசரம் என்று சொன்னேன். ஒவ்வொரு குழிக்கும் மச்சான் முனகினார். ஒரு குழிக்கு மட்டும் பேசினார்: “தண்ட வுட்டுடப் போறா மாப்ள.”

“விடமாட்டா.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“கல்யாணம் பண்ணிக்கிட்டேனே.”

அவசரப் பிரிவில் லங்கோட்டை அவிழ்த்த டாக்டர், தக்கையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அடுத்த அரை மணியில் மச்சானை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் ரவுண்டு வந்தவர் எனக்குத் தையல் போட்ட டாக்டர். கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“உங்களைத்தானே தூக்கக் கூடாதுன்னு சொன்னேன்?”

“நான் தூக்கலை சார். இவர்தான்.”

“நல்ல குடும்பம்,” என்றார். வயிற்றைத் திறந்தபோது குடலின் ஒரு துண்டு நாவல்பழ நிறத்தில் இருந்ததாம். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் காத்திருந்தார்களாம். மெல்ல மெல்ல நிறம் திரும்பியதால் வெட்டி எடுக்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் வேறு பேச்சு பேசியிருப்போம் என்றார்.

“தக்க நல்லா பதமா சீவனதுதான் சார்,” என்றார் மச்சான், கட்டிலிலிருந்து, தன் வேலையை விட்டுக்கொடுக்காமல்.

“தக்கை மேல தப்பே இல்லை. ஆள் உள்ள இருக்கிறப்ப கதவைச் சாத்தலாம், வெளிய இருக்கிறப்பவும் சாத்தலாம். வாசப்படில கால் வச்சிருக்கிறப்ப சாத்தினா? கால்தான் போகும்.”

டாக்டர் போனதும் மச்சான் தங்கையைத் தேடினார். அவள் காலையிலிருந்தே அங்கேதான் நின்றாள். இரண்டு உள்ளங்கையிலும் மரம் உரசிய சிவப்பு.

“கோயில் வரிக்குமா?” என்றார்.

“கோயில் வரிக்கும்.”

“நடுவுல மாத்துனியா?”

“மாத்தல.”

அவர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணோரம் ஈரமானது. அது வலியாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

பார்வை நேரத்தில் மேஸ்திரி வந்தார். கையில் ஆரஞ்சுப் பொட்டலம். கட்டிலின் கால்மாட்டில் நின்று, பஞ்சாயத்துத் தீர்ப்பைப் படிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். இடம் காலியாகவில்லை, ஆகையால் இடம் போகவில்லை. அடுத்த குடும்பத்து ஆள் முதலில் முறைத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். எறக்கத்தை மறைத்ததற்கு மச்சான் ஒரு வருஷம் தண்டைத் தொடக் கூடாது, பக்கத்தில் நடக்கலாம். இதையெல்லாம் மச்சான் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

“மாத்துத் தோளு?” என்று நான் கேட்டேன்.

மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை. “நீ வாணாம்பா,” என்றார். “நீ எழுது.”

பிறகு என் மனைவியைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். கையால் அவள் தோளுக்கும் காற்றுக்கும் நடுவே ஏதோ அளந்தார்.

“அடுத்த வருசம் ரெண்டு துண்டு மடிச்சி தோளு மேல வெச்சிக்கோ,” என்றார். “ஒசரம் செரியா வரும்.”